விசையும் விவேகமும்

வேகம் இக்கால இளைஞனின் கனவு. தரையில் ஓடும் மோட்டார் சைக்கிளானாலும், வானில் பறக்கும் ஜெட் விமானமானாலும், மணிக்கு எத்தனை மைல் என்பதே நம் முதல் கேள்வி. கடலில் ஓடும் பந்தய விசைப்படகைப் பற்றிப் பேசும்போதும் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த விசையை ஆளுகின்ற மனிதனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கொந்தளிக்கும் கடலில் படகைக் கரை சேர்ப்பது எந்திரத்தின் ஆற்றல் மட்டும் அன்று. எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அறிந்த ஓட்டியின் கையே என்பது என் கருத்து.

இவ்வாறு கூறுவதால் அறிவியலின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. தட்டையான அடிப்பாகம் உடைய படகு அமைதியான ஏரியில் வழுக்கிக்கொண்டு பறக்கும். அதே படகு கடலுக்கு வந்தால், ஒவ்வொரு அலையும் கல்லில் மோதுவது போல் அதை அறையும். இக்குறையைப் போக்கியவர் ரே ஹண்ட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். அடிப்பாகத்தை முன்னிருந்து பின்வரை ஆழமான ‘வி’ எழுத்தைப் போல் அமைத்தார். அது அலையை அறையாமல் கத்தி போல் வெட்டிச் செல்லும். 1958இல் நியூபோர்ட் கடலில் அவருடைய சிறு படகு ஓடிய விதத்தைக் கண்டு வியந்த ரிச்சர்ட் பெர்ட்ராம், அதே முறையில் 31 அடி நீளமுள்ள ‘மாப்பி’ என்னும் படகைக் கட்டச் செய்தார். 1960இல் மியாமியிலிருந்து நாசோ வரை நடந்த பந்தயத்தில் பலத்த காற்று, உயர்ந்த அலைகள். மாப்பி எட்டு மணி நேரத்தில் நாசோவை அடைந்தது. அடுத்து வந்ததும் ஹண்ட் வடிவமைத்த படகே. அதற்கு அடுத்தது மறுநாள்தான் வந்தது!

அப்படியானால் வென்றது வடிவம்தானே என்று கேட்கலாம். அது பாதி உண்மை. நல்ல வடிவம் வேகமாகச் செல்ல இடம் கொடுக்கிறது. எவ்வளவு வேகமாகச் செல்லலாம் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது மனித அறிவு.

பெரிய கடற்பந்தயப் படகுகளில் பொதுவாக இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் சுக்கானைத் திருப்புவார்; மற்றவர் கையில் திராட்டில் என்னும் விசைக் கைப்பிடி இருக்கும். அலையின் உச்சியிலிருந்து படகு எழும்பும்போது அதன் சுழல்விசிறி நீரைவிட்டு வெளியே வந்துவிடும். தள்ளுவதற்கு நீர் இல்லாததால் எந்திரம் கட்டுக்கடங்காமல் சுழலும். அந்த நிலையிலேயே விசிறி மறுபடியும் நீரைக் கவ்வினால் தண்டும் பற்சக்கரமும் முறியும். ஆகவே படகு எழும்பும் கணத்தில் விசையைக் குறைத்து, நீரைத் தொடும் கணத்தில் கூட்ட வேண்டும். பந்தயம் முடியும்வரை, ஒவ்வொரு பாய்ச்சலிலும், இதைச் செய்தாக வேண்டும்.

எதிர் அலையில் ஒரு முறை, பின் அலையில் வேறொரு முறை. எதிர் அலையில் அணியம் அளவுக்கு மீறி எழும்பினால், காற்று அடியில் புகுந்து படகைப் பின்புறமாகப் புரட்டிவிடும். பின்னிருந்து வரும் அலை பார்ப்பதற்குச் சாதுவானது. உண்மையில் அதுவே வஞ்சகமானது. ஓர் அலையின் முதுகிலிருந்து வேகமாக இறங்கும் படகு, முன்னே செல்லும் அலைக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். அல்லது பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்று வகுப்பில் படிக்கிறோம். அந்தப் பாடத்தைக் கடலில் படிப்பது ஓட்டியின் முதுகெலும்பு!

பாடம் தவறினால் என்ன ஆகும்? கார்ப் பந்தயத்தில் புகழ்பெற்ற பிரெஞ்சு வீரர் திதியே பிரோனி, 1987 ஆகஸ்டு 23 அன்று இங்கிலாந்தின் வைட் தீவு அருகே நடந்த பந்தயத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்று எழுப்பிய அலையை மிகுந்த வேகத்தில் கடந்தார். படகு கவிழ்ந்தது, அவரும் உடனிருந்த இருவரும் மாண்டனர். 1990 அக்டோபர் 3 அன்று மொனாக்கோ கடலில், உலகப் பட்டத்தைக் காத்துக்கொள்ளப் போட்டியிட்ட ஸ்டெபானோ காசிராகி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 30. இவர்கள் கத்துக்குட்டிகள் அல்லர். தேர்ந்த வீரருக்கே இந்த முடிவு என்றால், கடலறியாத இளைஞன் கையில் அதே விசை என்ன செய்யும்?

காசிராகியின் மறைவுக்குப் பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. இருக்கையோடு பிணைக்கும் வார்ப்பட்டை வந்தது. போர் விமானத்தில் உள்ளது போன்ற மூடிய கூண்டும் பரவியது. இவற்றை வரவேற்கிறேன். ஆனால் இவை கவிழ்ந்த பிறகு காப்பவை. கவிழாமல் காப்பது கடலறிவு ஒன்றே.

“பந்தயத்தில் தயங்குபவன் தோற்பான்” என்று நண்பர்கள் சிலர் வாதிடுவர். விசையைக் குறைப்பது தயக்கம் அன்று. எந்திரம் உடைந்து நடுக்கடலில் நிற்பவனை எந்த வேகம் வெற்றிபெறச் செய்யும்? உச்ச வேகத்தைத் தொட்டவனைப் போற்றும் நாம், கடல் சரியில்லை என்று கண்டு திரும்பி வந்தவனை எள்ளி நகையாடுகிறோம். மாற வேண்டியது இந்த மனப்பான்மையே.

பிரிட்டனின் கடலோரத்தில் சொந்த உல்லாசப் படகை ஓட்ட இன்றும் உரிமம் கட்டாயமில்லை. பணம் உள்ளவன் நூற்றுக்கணக்கான குதிரைத்திறனை இன்று வாங்கி, நாளையே கடலில் இறங்கலாம். இது தனிமனித உரிமை என்பர். உடன் ஏறும் குழந்தைக்கும், நீந்திக்கொண்டிருப்பவனுக்கும், மீட்கப் போகும் படகினருக்கும் உரிமை இல்லையா? காற்றையும் நீரோட்டத்தையும் கணிக்கவும், கடல் வரைபடத்தைப் படிக்கவும், திரும்பி வருவதற்கான எரிபொருளை ஒதுக்கிவைக்கவும் மெதுவாகச் செல்லும் படகில் பழகியவனுக்கே விரைவுப் படகைத் தர வேண்டும். எந்த நாட்டுக் கடலானாலும் இதுவே சட்டமாக வேண்டும்.

விசையைக் காசு கொடுத்து வாங்கலாம். விவேகத்தைப் பழகித்தான் பெற வேண்டும். அதற்கு ஆகும் காலத்தைச் செலவிட மனமில்லாதவன் கரையிலேயே நிற்பது அவனுக்கும் நல்லது, பிறருக்கும் நல்லது.