விட்ட பந்தும் ஆட்டம்தான்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் கிரிக்கெட் நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு விதி எல்லா விதிகளையும் ஆள்வது தெரியும். மட்டை பிடித்தவன் அடிக்க வேண்டும். அடிக்காதவன் ஒன்று பயந்தாங்கொள்ளி, இல்லையென்றால் ஆடத் தெரியாதவன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஒரு பையன் மட்டையைத் தூக்கி கீப்பரிடம் விட்டால் போதும், தமிழில் ‘கட்டை போடுறான்’ என்றும் மலையாளத்தில் ‘துழச்சில்’ என்றும் இரண்டு மொழியிலும் கேலி கிளம்பும். அடுத்த பந்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி ஆட்டமிழந்து வந்தால் யாரும் குறை சொல்வதில்லை, ‘முயற்சி பண்ணினான்’ என்று தோளில் தட்டுகிறார்கள். இந்த மனநிலை தவறு. பந்தை விடுவது ஆட்டத்திலிருந்து ஒதுங்குவது என்ற எண்ணம், திறமையுள்ள பிள்ளைகளைத் தோல்பந்து ஆட்டத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இஞ்சிவிளையில் வளர்கிற பையன் கேரள அணிக்கு முயல்கிறான், களியக்காவிளையில் வளர்கிறவன் தமிழ்நாட்டு அணிக்கு முயல்கிறான். சங்கம் வேறு, தேர்வாளர்கள் வேறு. இருவரும் ஊரிலிருந்து கொண்டுபோகும் குறை மட்டும் ஒன்றே.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அதைப் பிடித்திருப்பவர்கள் மேல் கோபம் வராது. நெல்வயல் சுருங்கி வாழையும் மரச்சீனியும் ரப்பருமாக மாறிவிட்ட நிலத்தில் முழு மைதானம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில் டென்னிஸ் பந்தை வைத்து, ஆறோ எட்டோ ஓவர் ஆடுகிறார்கள். எல்.பி.டபிள்யூ. கிடையாது. பந்து ஸ்விங் ஆகாது, எழும்பினால் மெதுவாக எழும்பும். ஓவருக்கு ஆறு பந்து வீதம் மொத்தமே முப்பத்தாறு பந்து என்றால், ஒன்றை விடுவது உண்மையில் நஷ்டம்தான். ஆகவே அந்த ஆட்டத்துக்கு அந்த நியாயம் சரி. ஆனால் அந்தச் சிறிய ஆட்டத்தின் நியாயத்தையே கிரிக்கெட்டின் நியாயமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எண்பது ஓவர் பழசாகும்வரை ஒரே தோல்பந்து, மூன்று ஸ்லிப், ஐந்து நாள் ஆட்டம் என்ற இடத்துக்கும் அதே அளவுகோலைக் கொண்டுபோகிறோம்.

இந்தத் தவறுக்கு மதிப்பெண் ஏடும் உடந்தை. ரன் வராத பந்துக்கு ஸ்கோரர் ஒரு புள்ளி வைக்கிறார். மட்டையைத் தாண்டிப் போன பந்துக்கும் புள்ளி, தடுத்த பந்துக்கும் புள்ளி, பார்த்து விட்ட பந்துக்கும் அதே புள்ளி. முதலாவது தோல்வி, இரண்டாவது சமாளிப்பு, மூன்றாவது முடிவு. மூன்றையும் ஒன்றாக எழுதும் ஏட்டைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விடுவது ஒரு செயல் என்றே தோன்றுவதில்லை. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இந்தக் கண்மூடல் பாதிதான் இருந்தது. அங்கே அடிக்க ஏற்ற எல்லைக்கு வெளியே எறியப்பட்ட பந்தை ஆட்டக்காரர் தொடாமல் விட்டால் அது அவர் கணக்கில் ஏறும். அப்படி நான்கு சேர்ந்தால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். 1889இல் நிலைபெற்ற விதி அது. இருந்தும் ஆட்டக்காரரின் பெருமையை அளக்கும் அடி சராசரியில் இந்த நடைக்கு இடமில்லை. எத்தனை முறை பேஸை அடைந்தார் என்ற கணக்கை பெரிய லீக் 1984இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது. 2002இல் ஓக்லண்ட் அணி, பணக்கார அணிகளின் சம்பளப் பட்டியலோடு போட்டிபோட வழியில்லாமல், யாரும் மதிக்காத இந்த நடைக்காரர்களை மலிவாகத் திரட்டி 103 ஆட்டங்களில் வென்றது, அவற்றில் 20 தொடர்ச்சியாக. அதற்கு வெகுகாலம் முன்பே டெட் வில்லியம்ஸ் இதைத் தன் ஆட்டத்தில் காட்டியிருந்தார். 1941இல் 0.406 என்ற சராசரியில் அடித்த அதே பருவத்தில் அவர் 147 முறை நடந்தே பேஸ் சேர்ந்தார். பின்னாளில் எழுதிய புத்தகத்தில் பந்து வரும் எல்லையை 77 பந்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் தனக்கு என்ன கிடைக்கும் என்று எண் போட்டார். தாழ்ந்து வெளியே போகும் மூலையில் அவரே சாதாரண ஆட்டக்காரர். அந்த மூலையைத் தொடாமல் இருந்ததுதான் மற்ற இடங்களில் அவரை அரசனாக்கியது.

கேரளத்துக்காரர்களுக்கு இதற்கு அமெரிக்க உதாரணமே தேவையில்லை. 2024-25 ரஞ்சிப் பருவத்தில் கேரளம் முதன்முறையாக இறுதிப்போட்டியை எட்டியது. எப்படி எட்டியது என்பதை நம் மைதானங்களில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. புனேயில் ஜம்மு-காஷ்மீருக்கு எதிரான காலிறுதி. எதிரணி 280, கேரளம் 281. முன்னிலை ஒரே ஒரு ரன். சல்மான் நிசார் 112 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்று, கடைசி விக்கெட்டுக்கு பேசில் தம்பியோடு 81 ரன் சேர்த்துத் தந்த ஒரு ரன் அது. பிறகு நான்காம் இன்னிங்ஸில் 399 இலக்கு. 180க்கு ஆறு விக்கெட் போன நிலையில் சல்மானும் முகமது அசாருதீனும் சேர்ந்து நாற்பது ஓவருக்கு மேல் நின்று ஆட்டத்தை டிராவாக்கினார்கள். அதில் சல்மான் எடுத்தது 162 பந்தில் 44. அரையிறுதி அகமதாபாத்தில், குஜராத்துக்கு எதிராக. கேரளம் 187 ஓவர் ஆடி 457 எடுத்தது. அசாருதீன் 341 பந்தில் ஆட்டமிழக்காமல் 177, கேப்டன் சச்சின் பேபி 195 பந்தில் 69, சல்மான் 202 பந்தில் 52. கரையில் நின்றிருந்தால் நம் ஊர்க்காரர்கள் ‘துழச்சில்’ என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். ஐந்தாம் நாள் காலை குஜராத்துக்கு முன்னிலைக்குத் தேவை 29 ரன், கையில் மூன்று விக்கெட். 455இல் கடைசி ஆட்டக்காரர் நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்தார். பந்து ஷார்ட் லெக்கில் குனிந்திருந்த சல்மானின் ஹெல்மெட்டில் பட்டு மேலெழுந்து ஸ்லிப்பில் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. இரண்டு ரன் முன்னிலை.

ஹெல்மெட்டில் பட்டது அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் பயன்பட, பலகையில் 457 இருந்திருக்க வேண்டும். டிராவாகும் நாக்-அவுட் ஆட்டத்தை முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் முடிவுசெய்கிறது. ஒன்றும் இரண்டும் ரன் வித்தியாசத்தில் இரண்டு சுற்று தாண்டிய அணியில், ஆடாமல் விட்ட ஒவ்வொரு பந்தும் ஒரு விக்கெட்டைக் காத்தது, காத்த விக்கெட் ரன்னைத் தந்தது. நாக்பூரில் விதர்பாவுக்கு எதிரான இறுதிப்போட்டி இதையே மறுபக்கமிருந்து காட்டியது. விதர்பாவின் 379க்கு எதிராக, 235 பந்து பொறுமையாக ஆடி 98 எடுத்திருந்த சச்சின் பேபி ஒரு பந்தைத் தூக்கி ஸ்லாக் ஸ்வீப் ஆடி பிடிகொடுத்தார். அப்போது கேரளம் 324. அடுத்த 18 ரன்னில் இன்னிங்ஸ் முடிந்தது, 37 ரன் பின்தங்கல், கோப்பை விதர்பாவுக்கு. அணியைத் தன் தோளில் அவ்வளவு தூரம் சுமந்து வந்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சதத்தை அடித்தே எட்டவேண்டும் என்று நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்திருக்கும் அந்த எண்ணத்தைத்தான் குறை சொல்கிறேன்.

பந்தை விடுவது என்றால் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்கால் பந்தின் கோட்டை நோக்கிக் குறுக்கே போகிறது, தலை ஆஃப் ஸ்டம்புக்கு மேலே நிற்கிறது. கண்ணுக்கு வெளியே இருப்பதெல்லாம் ஸ்டம்புக்கும் வெளியே என்று ஆட்டக்காரருக்கு அப்போது தெரிகிறது. கைகள் மார்போடு ஒட்டி மேலே போகின்றன, பந்து கீப்பரின் கையுறைக்குள் போகும்வரை கண் அதன் பின்னாலேயே போகிறது. அடிப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும். 2014 கோடையில் இங்கிலாந்தில் இதை நம் சென்னைக்காரர் முரளி விஜய் செய்தார். நாட்டிங்காமில் 361 பந்தில் 146. ஐந்து டெஸ்டில் 402 ரன். அதே ஆடுகளங்களில், அதே ஆண்டர்சனுக்கு எதிராக, விஜயைவிட எல்லா அடியிலும் சிறந்தவரான விராட் கோலி பத்து இன்னிங்ஸில் எடுத்தது 134. வெளியே போகும் பந்தை நோக்கி மட்டை போனதே காரணம். 2018இல் திரும்பிப் போனபோது கோலி அந்தப் பந்துகளை விட்டார். 593 ரன் எடுத்தார், ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட ஆட்டமிழக்கவில்லை. நான்கு ஆண்டில் அவர் புதிதாகக் கற்ற அடி எதுவும் இதற்குக் காரணமில்லை.

அடிக்கத் தெரியாதவன்தான் விடுகிறான் என்பது அடுத்த வாதம். இதே விஜய் 2010இல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127 அடித்தவர். அகமதாபாத்தில் 202 பந்துக்கு 52 எடுத்த சல்மான், 2025 ஆகஸ்டில் காரியவட்டம் மைதானத்தில் கேரள கிரிக்கெட் லீக் ஆட்டமொன்றில் கடைசி இரண்டு ஓவரில் மட்டும் பதினோரு சிக்சர் விளாசி 26 பந்தில் 86 எடுத்தார். அதில் ஐந்து, புனேயில் அவரோடு கடைசி விக்கெட்டுக்கு நின்ற அதே பேசில் தம்பியின் ஓவரில். அடியும் விடுதலும் ஒரே கையில் இருக்க முடியும், இருக்கவேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோரமான புல்லுவிளையில் பிறந்த சஞ்சு சாம்சனை எல்லாரும் சிக்சருக்காகவே கொண்டாடுகிறார்கள். அவருடைய முதல் சர்வதேசச் சதம் 2023 டிசம்பரில் பார்ல் நகரில், மந்தமான ஆடுகளத்தில், 114 பந்தில் 108 என்று வந்தது. தொடரை முடிவுசெய்த ஆட்டம் அது. நம் பிள்ளைகளின் கைபேசியில் ஓடும் சஞ்சு காணொளிகளில் அந்த இன்னிங்ஸும் இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சேவாக் என்ன செய்தார் என்று கேட்பார்கள். 2008இல் சேப்பாக்கத்தில் 304 பந்தில் 319. அது அபூர்வமான வரம். அந்த நாளில் அவருக்கு மறுமுனையில் நின்று 111 எடுத்தவர் திராவிட் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். எந்நேரமும் தாக்குவதையே கொள்கையாக்கிய இங்கிலாந்து அணி 2024இல் இந்தியாவில் 4-1 என்று தோற்றது. ராஜ்கோட்டில் 224க்கு இரண்டு விக்கெட் என்ற வலுவான நிலையில் ஜோ ரூட் பும்ராவின் பந்தைத் தலைகீழாகத் தூக்கி ஸ்லிப்பில் பிடிகொடுக்க, 319இல் எல்லாம் முடிந்தது. அடுத்து ராஞ்சியில் அவரே பழைய முறைக்குத் திரும்பி 274 பந்தில் 122 எடுத்தார், ஆட்டமிழக்கவில்லை. இருபது ஓவர் ஆட்டத்திலும் இந்த அறிவுக்கு வேலை உண்டு. வைடை விட்டால் ஒரு ரன்னும் கிடைக்கிறது, பந்தும் திரும்பக் கிடைக்கிறது. பேஸ்பாலின் நடைக்கு நம்மிடம் இருக்கும் நேரான ஈடு அதுதான். நம் மைதானங்களில் எட்டிப் பிடித்து வைடை அடிக்கப்போய் ஆட்டமிழப்பவர்கள் இரண்டையும் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

கனமான மறுப்பு ஒன்றுண்டு. பேஸ்பாலில் நான்கு பந்து விட்டால் பேஸ் கிடைக்கிறது, டெஸ்டில் நானூறு விட்டாலும் பலகை நகராது. விடுபவன் சேர்க்கும் அழுத்தத்தில் மறுமுனையில் இருப்பவன் விழுகிறான் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒற்றை ரன்னைக்கூட ஓடாமல் வெறுமனே நிற்பது ஆட்டமாகாது. ஆனால் பந்துவீச்சாளரின் காலும் தோளும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன, அது பலகையில் தெரியாது. 2021 ஜனவரி 19, பிரிஸ்பேன். 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட் தோற்றிருக்கவில்லை. 328 இலக்குக்கு எதிராக புஜாரா 211 பந்தில் 56 எடுத்தார். விரலிலும் ஹெல்மெட்டிலும் விலாவிலும் அடிவாங்கியபடி நின்றார். மாலையில் களைத்துப்போன அதே பந்துவீச்சை ரிஷப் பந்த் 89 ரன்னுக்குப் பிரித்து ஆட்டத்தை முடித்தார். அதற்கு முந்தைய சிட்னி டெஸ்டில் தொடைத்தசை கிழிந்த விஹாரி 161 பந்தும் முதுகுவலியோடு அஸ்வின் 128 பந்தும் நின்று காப்பாற்றியிருக்காவிட்டால், பிரிஸ்பேனில் தொடரை வெல்ல வழியே இருந்திருக்காது.

லீக் ஏலத்தில் பணம் இருக்கிறது, அங்கே ஸ்ட்ரைக் ரேட்டைத்தானே பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கவலை. ஆனால் எல்லைக் கிராமத்துப் பையன் ஏலத்துக்கு முன்னால் மாவட்ட அணியையும் வயதுப்பிரிவு அணியையும் தாண்டவேண்டும். அங்கே தோல்பந்து, ஸ்லிப், எல்.பி.டபிள்யூ. எல்லாம் உண்டு. தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் மூன்றாவது ஓவருக்குள் கூடாரம் திரும்புகிறான், அவன் சிக்சரைத் தேர்வாளர் பார்க்கவே வாய்ப்பில்லை. ஆகவே பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் கேட்பது இதுதான்: வாரத்தில் ஒரு நாளாவது வலையில் எல்.பி.டபிள்யூ. வைத்துத் தோல்பந்தில் ஆடவிடுங்கள். மதிப்பெண் ஏட்டில், விட்ட பந்தின் புள்ளிக்குப் பக்கத்தில் ‘வி’ என்று ஓர் எழுத்தும், தவறவிட்ட பந்தின் புள்ளிக்குப் பக்கத்தில் ‘த’ என்று ஓர் எழுத்தும் போடச் சொல்லுங்கள். பருவ முடிவில் அந்த இரண்டு எழுத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு, யாரை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யுங்கள்.