சக்கரத்துக்கு யார் பொறுப்பு?

சாலைக் குழியில் விழுந்து உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரப்பட வேண்டும் என்று சொல்வதற்கே நமது நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதே குழியில் இறங்கி ரிம் வளைந்து, டயர் கிழிந்து நிற்கும் வாகனத்தின் உரிமையாளர் எங்கே போய் முறையிடுவது என்கிற கேள்விக்கு இன்றுவரை தெளிவான விடையில்லை. உயிரோடு ஒப்பிட்டால் ஒரு சக்கரம் அற்பம்தான். ஆனால், அந்த அற்ப இழப்புக்கு எவரும் பதில் சொல்லத் தேவையில்லை என்கிற நிலைதான், ஒரு மாதம் கழித்து அதே குழி ஒரு இருசக்கர வாகன ஓட்டியின் உயிரைக் குடிக்க வழிவகுக்கிறது.

தலைநகர் தில்லியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது. தேங்கிய நீருக்கடியில் இருக்கும் குழியில் கார் இறங்கினால், இரும்பு ரிம்மாக இருந்தால் வளையும். அலாய் சக்கரமாக இருந்தால் விரிசல் விடும். வளைந்ததை நிமிர்த்திவிடலாம். விரிசல் விட்டதை ஒட்டவைத்து ஓட்டுவது ஆபத்து, மாற்றியே ஆக வேண்டும். டயரின் பக்கச்சுவர் புடைத்துவிட்டால் அதற்கும் வைத்தியம் கிடையாது. பிறகு சக்கரங்களை நேர்ப்படுத்தும் செலவு. கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் பேரம் பேசி வாங்கினாலும் கணிசமான தொகை கையை விட்டுப் போகிறது. ஆட்டோ ஓட்டுநருக்கோ, சக்கரத்தின் விலையோடு அன்றைய வருமானமும் போகிறது.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமான வாகனக் காப்பீட்டில், வண்டியின் வேறு பாகமும் அதே நேரத்தில் சேதமடைந்தால் ஒழிய டயருக்கு இழப்பீடு கிடையாது. அப்போதும் பாதி விலைதான். இது போதாதென்று, காரின் என்ஜின் திறனைப் பொறுத்து முதல் ஆயிரம் அல்லது இரண்டாயிரம் ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஒருமுறை கோரிக்கை எழுப்பினால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து 20 முதல் 50 சதவீதம் வரை கிடைத்துவந்த கோரிக்கையின்மைச் சலுகை பறிபோகும். கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள், நமக்கு விதித்தது இதுதான் என்று சொந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குழி மட்டும் நகர்வதில்லை.

சரி, துணிந்து இழப்பீடு கேட்பதென்று முடிவெடுத்தால், முதலில் அந்தக் குழி யாருடையது என்று கண்டுபிடித்தாக வேண்டும். 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் தில்லி அரசின் பொதுப்பணித் துறையிடம் இருக்கின்றன. உட்புறச் சாலைகள் மாநகராட்சியின் பொறுப்பு. இவை தவிர புதுதில்லி நகராட்சி மன்றம், தில்லி வளர்ச்சி ஆணையம், ராணுவக் குடியிருப்பு வாரியம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்று ஆளுக்கொரு பகுதி. குடிநீர்க் குழாய்க்காகவோ, கேபிளுக்காகவோ தோண்டியவர் வேறொருவராகவும் இருக்கலாம். சக்கரம் உடைந்து நடுத்தெருவில் நிற்பவர், அடி அளவை எடுத்துச் சாலையின் அகலத்தை அளந்த பிறகுதான் புகார் எழுத முடியும் என்பது வேடிக்கையா, வேதனையா?

அதற்கப்புறம் சட்டம் காத்திருக்கிறது. அரசுத் துறை மீது வழக்குத் தொடர வேண்டுமானால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத அறிவிக்கை தர வேண்டும். தில்லி மாநகராட்சி என்றால், 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 478-ஆவது பிரிவு இரண்டு மாத அறிவிக்கையையும் கேட்கிறது, ஆறு மாதக் காலவரம்பையும் விதிக்கிறது. சில ஆயிரம் ரூபாய் சக்கரத்துக்காக வழக்குரைஞர் வைத்து உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறுபவர் யார்? சுங்கக் கட்டணம் வசூலிக்கும் நெடுஞ்சாலையில் சேதம் நேர்ந்தால், கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிட இடமுண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்தால் போதும். நகரச் சாலையில் போகிறவர் வரிதானே கட்டுகிறார், கட்டணம் இல்லையே என்று கூறி அந்தக் கதவும் சாத்தப்படக்கூடும்.

உள்ளாட்சி அமைப்பின் அலட்சியத்துக்கு அதுவே பொறுப்பு என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. சாந்தினி சௌக் மணிக்கூண்டு 1951-இல் இடிந்து விழுந்து உயிர்கள் பலியான வழக்கில், பராமரிக்க வேண்டிய மாநகராட்சிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே தீர்ப்பளித்தது. கட்டடம் விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி, பாதிக்கப்பட்டவர் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். மணிக்கூண்டுக்குப் பொருந்திய நியாயம், மாதக்கணக்கில் வாய்பிளந்து கிடக்கும் குழிக்கு ஏன் பொருந்தக்கூடாது?

நாடாளுமன்றம் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ பிரிவைச் சேர்த்தது. சாலையை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் தரவிதிகளைக் கடைப்பிடிக்கத் தவறிய அதிகாரிக்கோ, ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால் மட்டுமே அது பாயும்; அபராதத் தொகையும் விபத்து நிதியத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு நேராக வராது. தலைக்கவசம் அணியாதவரை நடுவழியில் நிறுத்தி உடனடியாக அபராதம் வசூலிக்கத் தெரிந்த அரசு, தன் பக்கத்துத் தவறுக்கு மட்டும் பிணம் விழும்வரை காத்திருக்கிறது.

பிணங்களுக்கும் பஞ்சமில்லை. 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டுகளில் சாலைக் குழிகளால் 14,926 பேர் மாண்டதைக் கண்டு, இது எல்லையில் உயிர்விடுவோரைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்று 2018-இல் நீதிபதி மதன் பி. லோகுர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதிர்ச்சி தெரிவித்தது. செம்மையான சாலை வாழ்வுரிமையின் அங்கம் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2015-இல் சொன்னது. பத்தாண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில்தான் அதே நீதிமன்றம் அதற்கு ஒரு விலையை நிர்ணயித்தது: குழியாலோ திறந்த சாக்கடை வாயாலோ மரணம் நேர்ந்தால் 6 லட்சம் ரூபாய், காயத்துக்கு 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை. தொகையைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தும் ஒப்பந்ததாரர்களிடமிருந்தும் வசூலிக்க வேண்டும் என்றதுதான் அதன் முக்கியமான பகுதி. வரிப்பணத்திலிருந்தே தண்டம் கட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பொறியாளருக்கு உறைக்கும்?

கேரளத்தில் நடந்தது இன்னொரு பாடம். எடப்பள்ளி - மண்ணுத்தி நெடுஞ்சாலை சீர்கெட்டுப் போக்குவரத்து ஸ்தம்பித்த நிலையில், பாலியேக்கரா சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிக்க 2025 ஆகஸ்டில் அம்மாநில உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக முணுமுணுத்தும் அசையாத பணிகள், வசூல் நின்றதும் வேகம் பிடித்தன. அக்டோபரில்தான் கட்டணம் வசூலிக்க மீண்டும் அனுமதி கிடைத்தது. பணப்பெட்டியில் கைவைத்தால்தான் நமது நெடுஞ்சாலை நிர்வாகத்துக்குக் காது கேட்கிறது.

பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சாலையைப் பராமரிப்பதை உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கிறது. சக்கரம் உடைந்தவர் புகைப்படமும் ரசீதும் இணைத்து உள்ளாட்சி மன்றத்திடம் கோரலாம். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பதல்ல. பல கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன. ஆனால் நிராகரிக்க வேண்டுமானால், முறையாகப் பார்வையிட்டுப் பராமரித்தோம் என்பதை மன்றம்தான் நிரூபித்தாக வேண்டும். அதற்காகவே பதிவேடு வைத்தாக வேண்டும்.

போலிக் கோரிக்கைகள் குவியும், உள்ளாட்சிகள் திவாலாகும், கார் வைத்திருப்போருக்கு இதுவும் ஒரு சலுகையா என்றெல்லாம் மறுப்புகள் எழும். தேதி, இடம், குழியின் படம், பழுது பார்த்த ரசீது ஆகியவற்றைச் சரிபார்த்தால் போலிகளைக் களைவது அரிதல்ல. தொகையைப் பொறுப்புக்காலம் முடியாத ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையிலிருந்து பிடித்தால் கஜானாவும் காலியாகாது. சைக்கிள் ரிக்ஷாவின் வளைந்த சக்கரத்துக்கும் அதே படிவம் பொருந்தும்.

தேவைப்படுவது பெரிய சட்டமல்ல. ஒரு நகரத்துக்கு ஒரே இடத்தில் மனு பெறுவது, சாலை யாருடையது என்பதை மனுதாரர் அல்ல, அரசே கண்டறிவது, அறுபது நாள்களுக்குள் ஏற்கவோ காரணத்தோடு மறுக்கவோ செய்வது ஆகியவை போதும். ஒரே நாளில் 3,400 குழிகளை நிரப்புவதாக 2025 ஜூனில் தில்லி பொதுப்பணித் துறை அறிவித்தது. அப்படியானால் எந்தக் குழி எந்தச் சாலையில் என்ற பட்டியல் அதன் கையில் இருந்திருக்க வேண்டும். அவற்றில் எத்தனை, ஒப்பந்ததாரரின் பொறுப்புக்காலத்துக்குள் பெயர்ந்தவை, அவரிடமிருந்து எவ்வளவு பிடித்தம் செய்யப்பட்டது என்பதை வெளியிடுவதிலிருந்து அந்தத் துறை தொடங்கட்டும்.