கம்பி இல்லாத பிறேசியர்



இந்த மாதம் எதைப்பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, இதையும் புத்தகத்தில எழுதுவீங்களோ?" என்று கேட்டாள். ஏன் எழுதக்கூடாது? சீனி வருத்தம் பற்றி எழுதியிருக்கிறோம், காணி உறுதி பற்றி எழுதியிருக்கிறோம். காலையில் போட்டால் இரவுதான் கழற்றுகிற, உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ஓர் உடுப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடையிலும் பேப்பரில் சுற்றி, ஏதோ களவுப் பொருளைப் போலத்தான் கையில் தருகிறார்கள்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1990இல், எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வளவுக்குள் விழுந்த செல்லின் துண்டொன்று இடது மார்புக்குக் கீழே ஏறியது. பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். சின்னத் துண்டொன்றை "அது இருந்துவிட்டுப் போகட்டும், தோண்டினால்தான் கரைச்சல்" என்று வைத்தியர் விட்டுவிட்டார். காயம் ஆறி, சுருங்கின தழும்பாக ஒரு விரல் நீளத்துக்குக் கிடக்கிறது. கம்பி வைத்த பிறேசியரின் கம்பி வந்து குந்துகிற இடமும் அதே இடம்தான்.

அப்படியென்றால் ஏன் கம்பி வைத்ததைப் போட்டாய் என்று கேட்பீர்கள். கொழும்புக்கு வந்து வேலைக்குப் போகத் தொடங்கினேன். சாரி உடுத்தால் எடுப்பாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பின்னேரம் அறைக்கு வந்து கழற்றும்போது தழும்பின்மேல் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். நல்லெண்ணெய் தடவிவிட்டுப் படுப்பேன். பெண் என்றால் இதுவும் ஒரு நோ என்றுதான் நினைத்திருந்தேன்.

2006ஆம் ஆண்டு ஒரு சோதனைச் சாவடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, கைக்கருவியால் உடம்பெல்லாம் தடவிப் பார்த்த பெண், என் நெஞ்சடியில் அது கத்தியதும் திடுக்கிட்டு நின்றாள். கம்பியைத் தொட்டுக் காட்டினேன். கழற்றச் சொன்னாள். கழற்றின பிறகும் அது கத்தியது. அப்போதுதான் அவள் தழும்பைக் கண்டாள். உடம்பில் காயத் தழும்போடு ஒரு தமிழ்ப் பெண் அந்த நாட்களில் கொழும்பில் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பிறேசியரை எறியவில்லை. அடுத்த நாளும் வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். இருந்தவை இரண்டுதான்.

கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டவர் கொட்டாஞ்சேனையில் தையல் தைக்கும் ஒரு சகோதரி. மலையகத்திலிருந்து வந்து, கட்டுநாயக்க வலயத்தில் பதினொரு வருடம் பிறேசியர் தைத்தவர். சாரிச் சட்டை ஒன்று தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் என் தோளைப் பார்த்தார். பட்டி பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருந்தது.

"என்னக்கா இது? என்ன சைஸ் போடுறீங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு பி."

"யாரு அளந்து சொன்னாங்க?"

ஒருவரும் அளக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் சின்னம்மா வாங்கித் தந்தது முப்பத்திரண்டு. பிள்ளை பிறந்த பிறகு நானாகவே ஏற்றிக்கொண்டே போனேன். வெள்ளவத்தை காலி வீதியில் கடைக்காரத் தம்பியிடம் சைஸைச் சொல்லவே வெட்கம், அளவு கேட்பது எங்கே! அந்தச் சகோதரி கதவைச் சாத்திவிட்டு அளவு நாடாவை எடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக என்னை ஒருவர் இதற்காக அளந்தார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மார்புக்குச் சரியாகக் கீழே நாடாவைச் சுற்றி, மூச்சை விட்டபின் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு 33 அங்குலம் வந்தது. ஒற்றை எண் வந்தால் அடுத்த இரட்டை எண்ணை எடுக்க வேண்டும், ஆகவே 34. பிறகு மார்பின் மிக எடுப்பான இடத்தில் இறுக்காமல் அளக்க வேண்டும். எனக்கு 37. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலமென்றால் ஏ, இரண்டென்றால் பி, மூன்றென்றால் சி. ஆக, என் சைஸ் 34சி. ஐரோப்பாவுக்கென்று தைத்து மிஞ்சி, இங்கே மலிவுக் கடைகளுக்கு வருகிறவற்றில் 34க்குப் பதிலாக 75 என்று போட்டிருக்கும். அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அளவு ஒரு தொடக்கம்தான். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

"பாரத்தத் தாங்குறது தோள்பட்டி இல்லக்கா, கீழ்ப்பட்டிதான். ஒங்க கீழ்ப்பட்டி லூஸு. அது பின்னால மேல ஏறுது, முன்னால கம்பி எறங்கித் தழும்புல குத்துது. தூக்கிப் பிடிக்கத் தோள்பட்டிய இறுக்குறீங்க, தோளு பள்ளமாகுது. குத்தத்துல பாதி கம்பி, பாதி சைஸு."

இத்தனை வருட நோவுக்கு இவ்வளவுதான் காரணமா என்று எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவரே தேடித் தந்த கம்பி இல்லாத இரண்டை மூன்று கிழமையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று பருத்தி, அகலக் கீழ்ப்பட்டி, மூன்று கொளுக்கி, கப்புக்குள்ளே பக்கவாட்டில் இன்னொரு துணி வைத்துத் தைத்தது. கம்பி செய்யும் வேலையைச் செய்வது அந்தத் துணியும் பட்டியும்தான். மற்றது பஞ்சு வைத்த, வழுவழுப்பான துணி.

முதல் இரண்டு நாளும் பருத்தியில் இருப்பது இறுக்கமாகத் தெரிந்தது. 38க்குப் பழகின உடம்பல்லவா? பட்டிக்குள் இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தேன், போனது. கையை மேலே தூக்கினேன், பட்டி ஏறவில்லை. புதிதை எப்போதும் வெளிக் கொளுக்கியில்தான் மாட்ட வேண்டுமாம். இழுபட்டுத் தளரத் தளர உள்ளே போகலாம். மூன்றாம் நாள் பின்னேரம் கழற்றும்போது தழும்பைப் பார்த்தேன். கோடு இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. உருவம் முன்னையதைப்போல எடுப்பாக இல்லை, கொஞ்சம் தாழ்ந்து, அகன்று தெரிகிறது. பழைய சாரிச் சட்டைகளில் இரண்டின் பிடிப்பைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. மரீன் டிரைவில் காலையில் நடக்கப் போதும், பஸ்ஸுக்கு ஓடினால் போதாது. பெரிய மார்புள்ள என் சிநேகிதி ஒருத்தி போட்டுப் பார்த்துவிட்டு, தனக்குக் கம்பிதான் சரி என்று திருப்பித் தந்துவிட்டாள். சரியான அளவில், காயம் இல்லாத உடம்பில், கம்பி ஒரு பாவமும் செய்யாது. பஞ்சு வைத்தது எனக்குப் பிடிக்கவேயில்லை. கொழும்பு வேர்வையைக் குடித்து மத்தியானத்துக்குள் ஈரச்சாக்காகிவிடுகிறது, தோய்த்தால் ஒரு நாளில் காயவும் காயாது.

கம்பியால் மார்புப் புற்றுநோய் வரும் என்று ஒரு கதை உலாவுகிறது. அது உண்மையல்ல. 2014இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஆய்வொன்று, கம்பி வைத்ததோ இல்லாததோ, எத்தனை மணித்தியாலம் போட்டாலும் தொடர்பில்லை என்றே கண்டது. அந்தப் பயத்தை விட்டுவிட்டு, 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கென நடக்கும் கிளினிக்குக்குப் போய் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் அதைச் சொல்ல மறக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க அனுப்பினால் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும், அதில் இருப்பது பெரிய காந்தம்.

இதில் எனக்கு மனவருத்தமான விடயம் ஒன்றும் உண்டு. கட்டுநாயக்க வலயம் 1978இல் திறந்தது. மாஸ் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் விக்டோரியாஸ் சீக்ரட் வரைக்கும் தைத்துக் கொடுத்திருக்கின்றன. யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் மாஸின் ஆடைத் தொழிற்சாலை வந்தது, எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே மெசின் மிதித்தார்கள். ஒரு பிறேசியருக்கு இருபதுக்கு மேல் துண்டு சேர்த்துத் தைக்க வேண்டும், ஒரு நூல் விலகினாலும் திரும்பி வரும் என்று கொட்டாஞ்சேனைச் சகோதரி சொல்கிறார். ஆனால் பதினொரு வருடம் தைத்தபோது அவர் போட்டிருந்தது புறக்கோட்டை நடைபாதையில் அளவு பாராமல் வாங்கியதுதானாம்.

தோய்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சவர்க்காரம், பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியக் கூடாது. காயப்போடுவதில்தான் நாங்கள் பிழை விடுகிறோம். கொடியில் ஆண்கள் கண்ணில் படுமே என்று துவாய்க்கு அடியில், சட்டைக்கு அடியில் ஒளித்து விரிப்போம். அது காயாது. அரை ஈரத்தோடு போட்டால் மார்புக்குக் கீழே கடி, சிவப்பு, பங்கஸ். சீனி வருத்தக்காரருக்கு இன்னும் மோசம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோது என் உடம்பில் ஒரேயொரு பிறேசியர் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் அதை இரவில் அலம்பி, பாவாடைக்கு அடியில் காயவைத்து, விடிய ஈரத்தோடு போடுவேன். அரிசி தந்தார்கள், பாய் தந்தார்கள். உள்ளாடை இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, கேட்டு வாங்க எங்களுக்கும் வாய் வரவில்லை. இப்போது ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் போன்றவை இடர் நேரங்களில் பெண்களுக்கென்று தரும் பொதிகளில் அதையும் வைக்கிறார்கள். நீங்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தில் நிவாரணப் பட்டியல் எழுதும் இடத்தில் இருந்தால், "பெண்கள் உடுப்பு" என்று ஒரே வரியில் முடிக்காமல், 34, 36, 38 என்று சைஸ் போட்டு எழுதுங்கள்.

நான் இருக்கும் வெள்ளவத்தை மாடிவீட்டில் உடுப்புக் கொடி மொட்டை மாடியில், எட்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கிறது. போன கிழமை முதல் தடவையாகத் துவாய் இல்லாமல் வெயிலில் நேரே விரித்தேன். மேலே போன ஒரு பெரியவர் பார்க்காததுபோல இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மூன்றாம் மாடி அக்காவினுடையதும் பக்கத்திலே தொங்குகிறது. சரியான லூஸ் பட்டி. ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு அவரிடம் போகப் போகிறேன்.