கல்லாவும் பேரேடும் ஒரே கையில்

பி.காம். படித்த காலத்தில் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் முதல் நாளே ஒன்று சொன்னார். ‘கல்லாவில் உட்காருகிறவன் கையில் பேரேட்டைக் கொடுக்காதே. அவன் யோக்கியனாகவே இருக்கட்டும், அப்பவும் கொடுக்காதே.’ படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. கொடைக்கானல் பாதரச விவகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் வாத்தியார் ஞாபகம் வந்துவிடுகிறது.

1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானல் மலையில் வைத்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும். தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். குப்பை மட்டும் நம்மூரில் தங்கிவிடும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்தது. கண்டுபிடித்தது அதிகாரிகள் இல்லை. ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும். அதற்குப் பிறகுதான் ஆலைக்குப் பூட்டு. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது.

சரி, கழிவு போயாச்சு. மண்?

பாதரசம் தண்ணீரைப்போல 13 மடங்குக்கும் அதிகமான கனம். மண்ணில் விழுந்தால் இடுக்கு இடுக்காக இறங்கும். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மழையில் கரைந்தோடி நீர்நிலைக்குப் போனால், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேரும். மீனைத் தின்கிற நம் உடம்பிலும் சேரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளியே தெரிந்த கொடுமை இதுதான். கொடைக்கானல் ஆலைக்குக் கீழே சரிவில் இருப்பது பாம்பார் சோலை.

அந்த மண்ணில் எவ்வளவு பாதரசம் என்று முதலில் கணக்கெடுத்தது யார்? கம்பெனி சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர்கள்! அரசு நிறுவனங்களும் குழுக்களும் பிறகு வந்தன, மேற்பார்வை பார்த்தன. ஆனால், தொடக்கக் கணக்கை எழுதியது கல்லாவில் உட்கார்ந்தவர்தானே?

‘ஆய்வகத்தில் பொய் சொல்ல முடியுமா சார்?’ என்று கேட்பீர்கள். பொய் சொல்லவே வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு எந்தக் கையில் குத்தினாலும் ஒரே ரத்தம்தான். மண் அப்படி இல்லை. இங்கே தோண்டினால் ஒன்றுமே இருக்காது. நாலடி தள்ளித் தோண்டினால் கொட்டிக் கிடக்கும். எங்கே தோண்டுவது, எத்தனை அடி ஆழம், எத்தனை மாதிரி, சராசரி எப்படிப் போடுவது... இதையெல்லாம் முடிவு செய்கிறவர் விடையிலும் பாதியை முடிவு செய்துவிடுகிறார்.

அடுத்து, எவ்வளவு இருந்தால் ‘சுத்தம்’? இங்கே மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது, ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். அதாவது ஒரு டன் மண்ணில் 20 கிராம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றில் அரை முதல் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். ஆக, டன்னுக்கு 20 முதல் 40 தெர்மாமீட்டரை உடைத்துக் கொட்டினாலும் அது சுத்தமான மண்! பிரிட்டனில் 2009-ல் குடியிருப்பு நிலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டு அளவு, உலோகப் பாதரசத்துக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

இதற்குக் கம்பெனித் தரப்பில் ஒரு பதில் உண்டு. இன்னும் கடுமையாக்கினால் நிறைய மரம் வெட்ட வேண்டும், மலைச்சரிவில் மண் அரிக்கும் என்கிறார்கள். ஒதுக்கித் தள்ள முடியாத வாதம்தான். ஆனால், மரமா பாதரசமா என்று தராசு பிடிக்கும் கை, செலவுப் பணம் கொடுக்கிற கையாக இருக்கலாமா? ஒவ்வொரு மில்லிகிராம் விட்டுக்கொடுத்தாலும் மிச்சமாவது யார் பணம்?

தொழிலாளர் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்றுதான் கம்பெனி கடைசிவரை சொன்னது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் செய்தபோதும் ‘மனிதாபிமானம்’ என்றுதான் பேர். 15 வருஷம் காத்திருந்தவர்களுக்கு எந்த வார்த்தை மருந்து?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பணத்தைக் கம்பெனி கட்டட்டும். அது அரசு கணக்குக்குப் போகட்டும். ஆய்வாளரை அரசு நியமிக்கட்டும். ஊர்க்காரர்கள் கண்ணெதிரே மண் எடுக்கட்டும். அதே மண்ணில் ஒரு பங்கை முத்திரை வைத்து இன்னொரு ஆய்வகத்துக்கும் அனுப்பட்டும். அறிக்கையைத் தமிழில் போட்டு, நகராட்சி வாசலில் ஒட்டட்டும்.

கொடைக்கானலோடு முடிகிற சமாசாரமா இது? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ரசாயன ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். நாளைக்கு உங்கள் தெருக்கோடி ஆலையும் மூடப்படலாம். அதன் முதலாளி யோக்கியராகவே இருக்கட்டும்.

அப்பவும் பேரேட்டை அவரிடம் கொடுக்காதீர்கள்.