பாட்டுக்காகப் படம் பார்த்தால் தப்பா?



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை. எனக்குப் பிடித்த படம் 'நினைத்தாலே இனிக்கும்' என்று சொன்னேன். உடனே பக்கத்திலிருந்தவள், "அய்யே, அதுல கதையே இல்லடி! வெறும் பாட்டுதான். பாட்டு வேணும்னா போன்ல கேட்டுக்க வேண்டியதுதானே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது 1979-இல் கே. பாலசந்தர் இயக்கிய படம். கதை சுஜாதா, பாடல்கள் கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன். கமல் ஒரு பாட்டுக் குழுவின் தலைவர். ரஜினியும் அந்தக் குழுவில் ஒருவர். சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகிறார்கள். கமல் காதலிக்கும் ஜெயப்பிரதாவுக்குத் தீராத நோய். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். தோழி சொன்னதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மாசித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம். எங்கேயாவது மெல்லிசைக் கச்சேரி நடந்தால் கூட்டத்தில் முண்டியடித்து நிற்கிறோம். அங்கே யாராவது "கதை என்ன?" என்று கேட்கிறோமா? 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலைக் கேட்கத்தானே ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்? பாட்டுக்காகப் படம் பார்ப்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். ஸ்வீடன் நாட்டில் 'அப்பா' என்று ஒரு பாட்டுக் குழு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்! குழுவிலிருந்த நாலு பேரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. 1974-இல் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்து உலகப் புகழ் பெற்றார்கள். அவர்களுடைய பழைய பாட்டுகளை வைத்தே ஒரு கதை கட்டி, 1999-இல் லண்டனில் 'மம்மா மியா' என்று நாடகம் போட்டார்கள். 2008-இல் அது படமாகவும் வந்தது. கல்யாணப் பெண் ஒருத்தி, மூன்று பேரில் தன் அப்பா யார் என்று தேடுகிறாள். 'அப்பா' பாட்டை வைத்து அப்பாவைத் தேடும் கதை! தமிழ் தெரிந்த நமக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை இது.

அந்தப் படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னனும் பாடுகிறார். குரல் சுமார்தான். நிறையப் பேர் கேலி செய்தார்கள். எனக்கோ அந்த இடம்தான் பிடித்தது. பாடத் தெரியாதவருக்கும் பாட ஆசை இருக்கும் இல்லையா?

இங்கேதான் என் விஷயம் வருகிறது. என் அப்பா மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'நினைத்தாலே இனிக்கும்' போட்டார்கள். 'எங்கேயும் எப்போதும்' பாட்டு வந்தது. அதை 2007-இல் வந்த 'பொல்லாதவன்' பாட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திடீரென்று அப்பா கூடவே பாட ஆரம்பித்தார். ஒரு வரி விடவில்லை. ஸ்ருதிதான் எங்கேயோ போய்விட்டது. நான் பக்கென்று சிரித்துவிட்டேன். அப்பா பாட்டை நிறுத்திக்கொண்டார். கோபப்படவில்லை. டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

அது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுத்த பாட்டு வந்ததும் வார்த்தை தெரியாமலே நான் பாட ஆரம்பித்தேன். தப்புத் தப்பாகப் பாடினேன். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "அப்படி இல்லம்மா, இப்படி" என்று சொல்லிக் கொடுத்தார். படம் முடியும்வரை இரண்டு பேரும் பாடினோம். அன்றைக்கு அப்பா பேசியது ஒரு மாதத்துக்குப் பேசுவதைவிட அதிகம். எம்.எஸ்.வி.யின் ரேடியோ பாட்டுகள், அத்தை கல்யாணத்தில் கட்டிய மைக் செட் என்று எல்லாம் சொன்னார்.

கண்ணதாசன் 1981-இல் போய்விட்டார். எம்.எஸ்.வி. 2015-இல் போனார். அந்தப் பாட்டைப் பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியமும் 2020-இல் போய்விட்டார். ஆனால் அவர்கள் போட்ட பாட்டு எங்கள் வீட்டில் இரண்டு பேரைப் பேச வைத்தது.

ஆகவே தோழியே, பாட்டை போனில் கேட்கலாம்தான். காதில் மாட்டிக்கொண்டால் ஒருவர் மட்டும் கேட்கலாம். பாட்டுப் படம் என்றால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து பாடுவார். கதை கொஞ்சம் குறைந்தால் குறையட்டுமே!

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது ஸ்ருதி தப்பிப் பாடினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். கூடப் பாடுங்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு