வெறுமனே திரும்பாத நடை

வைப்பின் வாசகர்களுக்கு ஜங்காரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2018 முதல் ரோ-ரோ என்று பெயர் மாறினாலும் வேலை அதேதான். ஃபோர்ட் கொச்சியில் வண்டிகளை இறக்கிவிட்டு, அங்கே காத்திருப்பவற்றை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. கூடியவரை எந்த நடையும் வெறும் நடையல்ல. தானியங்கிக் கிடங்குகளின் திறனை உயர்த்தும் வழியும் இதுவே.

அத்தகைய கிடங்கில், உயர்ந்த அடுக்குகளின் நடுவே தண்டவாளத்தில் ஓடும் கிரேன், கணிப்பொறி சொல்லும் அறையில் சரக்கை வைக்கிறது, எடுக்கிறது. ஒன்றை வைத்துவிட்டு வெறுமனே திரும்பி, மறுபடி வெறுமனே போய் இன்னொன்றை எடுத்து வந்தால் நான்கு ஓட்டம். வைத்த இடத்திலிருந்தே எடுக்கும் இடத்துக்குப் போனால் இரண்டு ஓட்டமும் நடுவே ஒரு சிறு நகர்வும் போதும். அடிக்கடி கேட்கப்படும் சரக்கு வாசலருகே இருந்தால் இன்னும் மிச்சம். கிரேனின் வேகத்தைக் கூட்டாமலே கிடைக்கும் லாபம் இது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இது புதிய பாடமா? (நமது பண்டகசாலை இங்கே பாண்டிகசாலை, சொல் ஒன்றுதான்.) மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்கில், நாளை ஏற்ற வேண்டிய மூட்டையை அடியில் புதைத்து வைக்கும் மேஸ்திரியைச் சுமட்டுத் தொழிலாளிகள் சும்மா விடுவார்களா? மேலே இருப்பதை இறக்கி மறுபடி அடுக்குவது அவர்கள் முதுகு அல்லவா! வேலி தோபிகானாவில் நம்மவர்கள் துணியில் இட்டு வந்த குறியும் இன்றைய பார்கோடு செய்யும் வேலையைத்தான் செய்தது.

2012-இல் அமேசான் நிறுவனம் 77.5 கோடி டாலருக்குக் கிவா என்ற ரோபோ கம்பெனியை வாங்கியது. அங்கே ஆள் அலமாரியைத் தேடிப் போவதில்லை. அலமாரி ஆளைத் தேடி வருகிறது. ஆனால் பதிவில் பிழை இருந்தால் எந்த ரோபோவும் தவறான அறைக்குத்தான் விரைந்து போகும். எந்தச் சரக்கு எந்த மாதம் நகரும் என்பதை அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

இயந்திரம் வந்தால் சுமை தூக்குவோர் பிழைப்பு போகும் என்ற அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. கிடங்கை மாற்றியமைக்கும் முதலாளிகள் முதலில் அவர்களிடம் கேட்கட்டும். அந்த யோசனைக்குக் கூலியும் கொடுக்கட்டும். மோட்டாரும் சென்சாரும் பழுது பார்க்கும் வேலைக்கு அவர்கள் பிள்ளைகள் போகட்டும். ஆண்டுக்கு இரு பிள்ளைகளின் ஐ.டி.ஐ. படிப்புச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த செயற்குழுவில் கேட்கப் போகிறேன். ஆண்டு விழாக் கேடயங்களைக் கொஞ்சம் குறைத்தால் பணம் கிடைக்கும்.