புள்ளிக்கும் காசா? தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரட்டைக் கட்டணமா?

தோழர்களே, 'வேம்பார்' என்று எழுதிப் பாருங்க. வே, ம், பா, ர். நாலே எழுத்து. எஸ்எம்எஸ் கணக்கில் அது எட்டு! புள்ளி தனி, துணைக்கால் தனி, கொம்பு தனி.

அதோட போச்சா? ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு 7 பிட் போதும், அதனால் 160 அடங்கும். யூனிகோட் தமிழுக்கு 16 பிட், அதனால் 70 தான். தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67. ஒவ்வொரு துண்டும் தனி எஸ்எம்எஸ், தனிக் காசு.

வேம்பார் மீனவருக்கு ஒரு எச்சரிக்கை அனுப்புறீங்கன்னு வைங்க: "பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். படகுகளைப் பத்திரமாகக் கட்டி வைக்கவும்."

எண்ணிப் பாருங்க. 'வேண்டாம்' வரைக்கும் 57. படகு வரியையும் சேர்த்தால் 96. ரெண்டு எஸ்எம்எஸ் காசு! இதையே இங்கிலீஷில் எழுதினால் ஒண்ணுக்குள் முடிஞ்சிடும். ஆயிரக்கணக்கான பேருக்கு மொத்தமாக அனுப்புற சங்கமோ வங்கியோ என்ன செய்யும்? படகு வரியை வெட்டும். இல்லேன்னா இங்கிலீஷில் தட்டிவிடும். அதைப் படிக்கத் தெரியாதவர் வலையைத் தூக்கிக்கிட்டு கிளம்பிடுவார்.

"அதான் வாட்ஸ்அப் இருக்கே" என்பவர்களுக்கு: பட்டன் போன் வச்சிருக்கிற நம்ம அப்பா, அம்மாவுக்கு எஸ்எம்எஸ் தான்யா வரும்.

இதே முத்துக்குளித்துறை மக்களுக்காக 1578-லேயே தமிழ் எழுத்து வார்த்து 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார் ஹென்ரிக்ஸ் பாதிரியார். அன்றைக்கு முடிந்தது, இன்றைக்கு முடியாதாம்!

"டெக்னிக்கல் பிரச்சினை" என்று கையை விரிக்க வேண்டாம். தமிழுக்கான 7 பிட் எழுத்து அட்டவணை 3ஜிபிபி என்ற சர்வதேசத் தரத்திலேயே இருக்கு. இந்தி, வங்காளம், தெலுங்குக்கும் இருக்கு. போனும் நெட்வொர்க்கும் அதைப் பயன்படுத்தினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 150-க்கு மேல் அடங்கும். அந்த 96-ம் ஒரே காசில் போகும். துருக்கி தன் மொழிக்கான அட்டவணையைப் போன்களுக்குக் கட்டாயமாக்கியது. இங்கே, போனில் 22 மொழிகளும் தெரியணும்னு 2016-ல் உத்தரவு போட்ட ஒன்றிய அரசுக்கு, அந்த மொழிகளில் அனுப்ப என்ன செலவாகும் என்பது மட்டும் கண்ணில் படவில்லையா?

ஒன்றிய அரசே, தமிழ் அட்டவணையைக் கட்டாயமாக்கு! அதுவரை, டிராய் அமைப்பே, 160 எழுத்து வரையிலான தமிழ்ச் செய்திக்கு ஒரே கட்டணம் என்று உத்தரவிடு!

#புள்ளிக்கும்_காசா
#தமிழுக்கு_70_தானா